தெளிக்காத தண்ணீர்

மூடையை அவிழ்த்ததும் புளித்த வாடை அடித்தது. மிளகாய் வத்தல் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. தங்கலட்சுமி உள்ளே கையை விட்டாள். கை நனைந்து வந்தது.

"நீ தண்ணி தெளிச்சுக் கட்டியிருக்க, ஆத்தா," என்றார் விஜயபாண்டி. குளிர்பதனக் கிடங்கு அவருடையது.

வத்தல் நொறுங்காமலிருக்கச் சிலர் தெளிப்பதுண்டு. எடையும் கூடும். அவள் தெளித்ததில்லை. வருஷத்து மகசூல் முழுக்க இங்கேதான் இருந்தது. மூடை எடுக்க வந்திருந்த ரெட்டியபட்டிக்காரர்கள் காதில் விழும்படி அவர் மறுபடியும் சொன்னார். அந்தப் பேச்சு கமிஷன் கடைக்குப் போனால் இனி அவள் வத்தலை யாரும் தொடமாட்டார்கள்.

கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாள். திருச்சுழிப் பக்கம் மழையை யார் கண்டது என்று அவர் சிரித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூரைத் தகரத்துக்கு அடியில் தெர்மகோல். அதற்கும் அடியில் பிளாஸ்டிக் தாள். கட்டும்போது இன்ஜினியர் சுப்புராஜ் தாளைத் தெர்மகோலுக்கு மேலே விரிக்கச் சொன்னாராம். வெளிக்காற்றின் ஈரம் குளிரைத் தேடி உள்ளே வரும், குளிர்பட்டுத் தண்ணீராகும், வரும் வழியிலேயே தடுக்க வேண்டும் என்றாராம். களத்தில் வத்தல் காயப்போடும்போது தார்ப்பாயை மேலேயா விரிக்கிறோம், ஈரம் கீழேயிருந்துதானே ஏறும் என்று கேட்டு விஜயபாண்டி அவர் வாயை அடைத்திருக்கிறார். திறப்பு விழாப் பந்தியில் அவரே இதைப் பெருமையாகச் சொல்ல, தங்கலட்சுமியும் கேட்டிருந்தாள்.

அவள் மூடைக்கு நேர் மேலே தாளின் இணைப்பு பிரிந்து சொட்டிக்கொண்டிருந்தது. விஜயபாண்டி நின்ற நடைபாதைக்கு மேலே அதே தாள் பசுவின் மடிபோலக் கனத்துத் தொங்கியது.

மூடை இழுக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு அடுக்கின் மேல் ஏறினாள்.

"ஏத்தா, கீழ எறங்கு. தாளக் கிழிச்சிராத."

கிழித்தாள். குளிர்ந்த தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது. விஜயபாண்டியின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியது. தலைமுடியில் தெர்மகோல் மணிகள்.

"இதுவும் நான் தெளிச்சதா, அண்ணாச்சி?"

ரெட்டியபட்டிக்காரர்கள் தங்கள் மூடைகளைத் தேடிப் போய் அவிழ்க்கத் தொடங்கினார்கள். அதே வாடை அங்கங்கே எழுந்தது.

"சொல்லுங்க. அப்பச் சொன்ன மாதிரியே, அவுக காதுல விழுகணும்."

அவர் முகத்தைத் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் கூரையிலிருந்துதான் வந்தது என்று முனகினார்.

"கேக்கல," என்றாள். கொக்கியைத் தாளின் அடுத்த தொங்கலில் வைத்தாள்.