வெயில் கேட்ட ஜெபம்

ரூத் டீச்சர் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் அவள் ஜெபித்து அனுப்ப வேண்டும். மகன் ஜெய்சன் முப்பதைத் தாண்டியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நண்பர்களோடு பனிமலை ஏறப் போனவன், இமயமலையின் கடைசிக் கிராமத்திலிருந்தும் மதுரை ஆனையூருக்குப் போன் போட்டான்.

"விடாமப் பனி கொட்டுச்சும்மா. ரூமுக்குள்ளயே கெடந்தோம். இன்னைக்குத்தான் வானம் பளிச்சுன்னு வெறிச்சிருக்கு. ஆனா வழிகாட்டி, இன்னும் ரெண்டு நாள் பொறுங்கங்குறாரு."

"குளிச்சியாடா?"

"இங்க குளிச்சா என்னைய மியூசியத்துலதான் வைக்கணும். சொல்லும்மா, கெளம்பவா, இருக்கவா?"

அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மழை விட்டு வெயில் வந்துவிட்டால் மதுரையில் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. பரவை மார்க்கெட்டில் தார்ப்பாயை விலக்கிவிடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

"வெயில்தான் வந்துருச்சுல்ல, பெறகென்னடா? போயிட்டு வா" என்றாள். கண்ணை மூடி ஜெபித்தாள்.

மாலையில் அவன் நண்பன் விக்ரம் அழைத்தான்.

"சரிவு மொத்தமா எறங்கிருச்சும்மா. ஜெய்சன் முன்னாடி போனான். நான் பின்னாடி..."

அவன் அழுகைக்கு நடுவில் அவள் புரிந்துகொண்டது இவ்வளவுதான். புதிதாக விழுந்த பனி அடியிலிருந்த பழைய பனியோடு ஒட்டவில்லை. வெயில் பட்டு இளகியதும் அப்படியே சறுக்கிவிட்டது. வழிகாட்டி பயந்தது அந்த வெயிலுக்குத்தான். இவர்கள்தான் அவரை நெருக்கிக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

கணவர் ஸ்டீபனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், காலையில் தான் சொன்ன வார்த்தையைத் தவிர. நான் சொல்லாவிட்டாலும் போயிருப்பான் என்று உள்ளே ஒரு குரல் வாதாடிக்கொண்டிருந்தது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் அந்தக் குரல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதை அடக்கவும் முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் சபையார் வீட்டுக்கு வந்தார்கள். மூப்பர் ஞானம் ஐயா முழங்கால்படியிட்டு ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, தேடுகிற பிள்ளைகளுக்கு நல்ல வெயிலைத் தாரும்..."

"ஐயா, வெயில் கேக்காதீங்க" என்றாள் ரூத்.

எல்லோரும் கண் திறந்தார்கள்.

"குளிரக் கேளுங்க. வெயிலடிச்சா இன்னும் சரியும். தேடுறவங்க ஏற முடியாது."

"பாவம், புத்தி ஒரு நெலையில இல்ல" என்று ஞானம் ஐயாவின் மனைவி ஜெனி பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். ஐயா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சீக்கிரம் மழை தாரும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். குளிரை எந்த வார்த்தையில் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆண்டவரே, அங்க... குளிர்ந்த காற்றைக் கட்டளையிடும்..."

போன் அடித்தது. ரூத் அடுப்படிக்குள் எடுத்துப்போனாள்.

"தேடுறத நிப்பாட்டிட்டாங்கம்மா" என்றான் விக்ரம். "பக்கத்துச் சரிவும் எறங்குற மாதிரி இருக்காம்."

"குளுந்ததும் திரும்பப் போவாங்கள்ல?"

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"சொல்லுப்பா."

"இம்புட்டு நேரத்துக்குப் பெறகு உசுரோட இருக்க வழியே இல்லைங்குறாங்க. இனிமே பனி உருகுனாத்தான் எடுக்க முடியுமாம். மே மாசம் ஆகிருமாம்மா."

தேடுகிற ஆட்களை அதுவரை எங்கே தங்கவைப்பார்கள் என்பதுபோல ஏதோ கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள். மே மாதம் வரை அவன் அங்கேயே கிடப்பான். அவள் பள்ளிக்கூடம் போவாள், பரீட்சைத்தாள் திருத்துவாள். பனி கரைய வேண்டுமென்று தினமும் காத்திருப்பாள்.

கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஞானம் ஐயா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"குளிருதான டீச்சர்? விட்ட எடத்துலருந்து சொல்லவா?"

"வேண்டாம்யா" என்றாள். "வெயிலே கேளுங்க."

அவருக்கு அது சுலபமாயிருந்தது. குரலை உயர்த்திக் கேட்கத் தொடங்கினார். சபையார் ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொன்னார்கள். ஸ்டீபன் மட்டும் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தவரின் வாய் அழுகையில் மெல்லக் கோணிக்கொண்டு போனது.