உச்சி வெயிலில் எழுந்த நாரை

...இரண்டே உலுக்குத்தான், அதுவும் புளியமரத்தில் நாரைக் கூடு இருந்த கிளையை இல்லை, பக்கத்துக் கிளையை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், பொய், மூன்றாவதாக உலுக்கியது கூட்டுக் கிளையைத்தான், செங்காய்ப் புளி கொத்தாகத் தொங்கியது அங்கேதானே... மகள் பவ்யா பேறுகாலத்துக்கு வந்து பத்து நாள், மூன்று நாளாகக் கேழ்வரகுக் களி உள்ளே போகவில்லை, குடித்த தண்ணீரும் தங்கவில்லை, "மரத்துல செங்காய் இருக்கில்லம்மா, அதப் போட்டுச் சாறு வை, சாப்புடுறேன்" என்றாள், நான் என்ன செய்ய? ஊரில் யாரும் செய்யாததைச் செய்தேன். எங்கள் ஊருக்கு நாரைகளும் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள்தாம், முட்டை இருக்கும்வரை புளியமரத்தில் துரட்டி படக்கூடாது, பவ்யாவுக்கு இதைச் சொல்லி வளர்த்ததே நான்தான்.

உச்சி வெயில். ஆண் நாரை ஆற்றுப் பக்கம் இரை தேடப் போயிருந்தது, பெண் கூட்டில் நின்று சிறகை விரித்து மூன்று முட்டைக்கும் குடை பிடித்துக்கொண்டிருந்தது, இருபது நாளாக இரண்டும் மாற்றி மாற்றி அடைகாத்ததை மாடியிலிருந்து பார்த்தவள்தானே நான், வெயில் பட்டால் முட்டை என்னாகும் என்று தெரியாதவளா? முதல் உலுக்கலுக்கு அது எழவில்லை, என்னைப் பார்த்தது. இரண்டாவதற்கு எழுந்து பறந்தது, அப்போதாவது பதறியிருக்க வேண்டும்... அப்பாடா, போய்விட்டது, இனி நன்றாக உலுக்கலாம் என்று நினைத்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு முட்டை தரையில் விழுந்தது, உடைந்த ஓட்டுக்குள் ஈரமாக ஒரு சின்ன அலகு, சாணக் குழியில் போட்டு மூடினேன், ஒரு பூகூட வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் புட்டதாயம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏன்க்கா, உங்க மரத்துப் பொண்ணு வட்டம் போட்டுக்கிட்டே கெடக்காளே, என்னாச்சு?" "காக்கா தொல்லை" என்றேன், நாக்கு கூசவே இல்லை. "பாவம், பொண்ணப் பெத்தவ வீடுன்னு நம்பிக் கூடு கட்டுனா" என்று முனகிக்கொண்டு போனாள், அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

எவ்வளவு நேரம் கழித்தோ நாரை இறங்கி மீதி இரண்டின் மேல் உட்கார்ந்தது. உள்ளே உயிர் இருக்கிறதா, வெந்துபோய்விட்டதா, அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எப்படியும் அது உட்கார்ந்தேதான் இருக்கும்... பவ்யா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டாள், முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு தெளிவு. "நாளைக்கும் இதையே வைம்மா" என்கிறாள். சரி என்கிறேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். சொன்ன பிறகுதான் கூடையைப் பார்க்கிறேன், நாளைக்குச் செங்காய் இல்லை, இருப்பது மரத்தில்தான்.