பூட்டுக்காரர் செய்த சோதனை

பூட்டுக்காரர் கைக்கு எந்தப் பூட்டு வந்தாலும் சரி, பழுது பார்த்ததும் பத்து முறை பூட்டித் திறந்து பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பழக்கம் மனைவியின் தோள்பட்டை வரைக்கும் போய்விட்டது.

சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டை தூக்கித் தூக்கி அவளுக்குத் தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தோளைப் பிளக்காமல், பயறு அளவில் மூன்று துளை போட்டார்கள். ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் கருவிகளும் விட்டுத் தைத்து அனுப்பினார்கள். பூட்டுக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. துவாரம் வழியாக வேலை பார்ப்பது தனக்கு மட்டும்தான் வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

பத்தாம் நாள் காலை. வலது கை கழுத்தில் மாட்டிய பட்டையில் தொங்க, இடது கையால் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தையல்தான் காஞ்சுபோச்சே. பட்டையக் கழட்டிட்டுக் கையத் தூக்கு, பாப்போம்."

"ஆறு வாரம் தூக்கக் கூடாதுன்னாங்களே."

"அப்படித்தான் சொல்வாங்க. செஞ்ச வேலையச் சோதிச்சுப் பாக்க வேணாமா?"

தூக்கினாள். பாதியிலேயே முகம் வெளுத்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். பூட்டுக்காரர் பதறிப்போய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டருக்கு மூச்சு வந்தது. "நல்ல வேளை, தையல் விடல. கிழிஞ்சத எலும்போட சேத்து நூலால கட்டியிருக்கோம். இப்போதைக்குத் தாங்குறது அந்த நூல்தான். நல்லா ஒட்டிக்க மூணு மாசமாவது ஆகும். அதுக்குள்ள இழுத்துப் பிஞ்சா மறுபடி ஆபரேஷன்தான்."

பயம் தெளிந்ததும் பூட்டுக்காரருக்கு நாக்கு நமநமத்தது.

"அவ்வளவு சின்ன ஓட்டைக்குள்ள முடிச்சு எப்படிங்க போடுறீங்க? எலும்புல நூல் எப்படி நிக்குது?"

டாக்டர் சலிக்காமல் வீடியோவைக் காட்டினார். பூட்டுக்காரர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட இத்தனை கேள்வி கேக்குறீங்க," என்றாள் மனைவி. "இந்தப் பத்து நாள்ல, வலிக்குதான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பூட்டுக்காரர் முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பொட்டு காயத்துக்கா இவ்வளவு கவனிப்பு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், அண்ணே," என்றார் பூட்டுக்காரர். "காயம் சின்னதா இருந்தா வலியும் சின்னதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. பட்டவங்களக் கேக்கணும். அவங்க சொல்றத நம்பணும்."