ஜெயிக்கிறவங்களுக்கு அப்பா

என் தம்பி யோகராஜ் என்னை "நீங்க" என்று கூப்பிட்டால் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற நாட்களில் நான் அவனுக்கு "நீ"தான், அதுவும் அவன் நல்ல மனசோடு இருந்தால். அந்த ஞாயிற்றுக்கிழமை எஹலியகொடையிலிருந்து த்ரீவீலரை ஓட்டிக்கொண்டு வந்து, தோட்டத்தில் அப்பாவின் லயத்து வீட்டு வாசலில் இறங்கியதுமே, "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். அம்மா செத்து நாலு மாதம். அவள் இருந்தவரை அப்பாவை அவளே பார்த்துக்கொண்டாள். அப்பா நாகலிங்கம் இந்த ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் லொறி ஓட்டியவர். சீனி வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது தோட்டத்து ஒப்பீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது: தோட்டம் கொடுத்த இந்தக் காம்பராவில் இப்போது தோட்டத்தில் வேலை செய்கிறவர் யாரும் இல்லை, மாதக் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டும். ஆக, அப்பா என் வீட்டுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் யோகராஜ் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அவர் வேண்டாம்.

சொல்லிவிட்டேன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

நான் அடுத்த தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறினால், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர இரண்டு மணியாகும். எனக்கு இருப்பது ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி, வயசுக்கு வந்த மகள் ஒருத்தி. புருஷன் கொழும்பில் கட்டட வேலை. அதுவும் போக, மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அப்பா மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்தால், சனம் மகனைத்தான் காறித் துப்பும். அந்த ஒரு தைரியத்தில்தான் நான் நாலு மாதத்தை ஓட்டினேன். காலையில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள், வேலை முடிந்து நான் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவேன். யோகராஜிடம் கேட்டால், டவுனில் வாடகை வீடு, மேல்மாடி, இருபத்தொரு படி என்பான். படியை எண்ணி வைத்திருக்கிறான் பாருங்கள். அவன் பெண்டாட்டி ஷாமிளா, "மாமாவ நெனச்சா பவ்" என்று சிங்களத்தில் பரிதாபப்படுவாள். பரிதாபத்தோடு சரி.

அப்பாவிடம் ஒரு கார் ரேஸ் விளையாட்டுப் பலகை இருந்தது. அதுவும் அவன் கொண்டுவந்ததுதான். கித்துல்கலவுக்கு ஆற்றில் படகு விட வந்த ஒரு வெள்ளைக்காரன் அதை அவன் த்ரீவீலரில் மறந்து விட்டுப் போய்விட்டானாம். பெட்டியில் எழுதியிருந்த பாஷை எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால் அப்பாவே பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சட்டம் போட்டார். அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நானும் தம்பியும் ஆடுவோம், அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார். ஆடினால் பேச வேண்டியதில்லை என்பதுதான் அதில் இருந்த சுகம்.

சட்டம் லேசானது. எண்பது கட்டம், ரோடு வளைகிற நாலு முடக்கு. ஒண்ணாம் கியர் என்றால் ஒரு தாயக்கட்டை உருட்டலாம், ரெண்டாம் கியருக்கு ரெண்டு, மூணாம் கியருக்கு மூணு. ஒரு தடவைக்கு ஒரு கியர்தான் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு முடக்கிலும் ஆறு கட்டம் சிவப்பு. மூணாம் கியரில் வந்து சிவப்பில் நின்றால் வண்டி கவிழ்ந்தது. முடக்கின் வாய்க்குத் திரும்பி, ஒரு ஆட்டம் சும்மா இருந்து, மறுபடி ஒண்ணாம் கியரில் தொடங்க வேண்டும். ஆனால் அதே மூணாம் கியரில் பெரிய எண் விழுந்து சிவப்பை ஒரே தாவாகத் தாண்டிவிட்டால் தப்பித்தது. பயந்தவனுக்கும் வழி இருந்தது, துணிந்தவனுக்கும் வழி இருந்தது.

அன்றைக்கு யோகராஜ் பலகையை பெஞ்சில் விரித்து, சிவப்புக் காரைத் தனக்கும் மஞ்சளை எனக்கும் வைத்தான். பிறகு தேன் ஒழுகுகிற குரலில், "இன்னைக்கு சும்மா ஆட வேணாம் அக்கா. ஜெயிக்கிறவங்களுக்கு அப்பா. என்னாப்பா, ஹரிதானே, சம்மதந்தானே?" என்றான்.

அப்பா, "ம்" என்றார்.

இதில் இருக்கிற குள்ளநரித்தனத்தைப் பாருங்கள். அப்பா காதுபட, தோற்கிறவர் இவரை வைத்துக்கொள்ளட்டும் என்று எவரும் சொல்ல முடியாது. வேண்டாத விருந்தாளியைக்கூட, இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடித்து இழுக்கிற சனம் நாங்கள். பெற்றவரைப் பரிசு என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் நான் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

"அப்பா எனக்குத்தான், நீ பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

"பாப்போம், பாப்போம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அப்படியே வழித்து எறியலாம் போலிருந்தது.

ஆக, இரண்டு பேரும் தோற்க வேண்டும். தோற்க ஆசைப்படுவது வெளியே தெரியவும் கூடாது.

அவன் ஒண்ணாம் கியரில் கிளம்பினான், ஒண்ணாம் கியரிலேயே இருந்தான். "மழை ரோட்டு அக்கா, மெதுவாத்தான் போகணும்" என்றான். வெளியே தகரத்தில் மழை உண்மையாகவே அடித்துக்கொண்டிருந்தது. நானும் அப்படியே ஊர்ந்தால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும் என்று, நான் வேறு வழி பிடித்தேன். கியரைக் கூட்டிக்கொண்டு போய் முதல் முடக்கில் மூணாம் கியரில் விட்டேன். முடக்குக்கு ஏழு கட்டம் இருந்தது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் எது விழுந்தாலும் கவிழ்வேன், என் பாடு முடிந்தது. ஆறு, ஆறு, அஞ்சு விழுந்தது. மஞ்சள் கார் முடக்கைத் தாண்டிப் போய் நின்றது.

"அக்காவுக்கு இன்னைக்கு நல்ல யோகம்" என்றான் யோகராஜ். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றும் நான் பார்க்கவில்லை.

ரெண்டாம் முடக்கில் ஒருவழியாகக் கவிழ்ந்தேன். என்னால் முடிந்த அளவு கவலையாக "அய்யோ" என்றேன். அவன் ஊர்ந்து ஊர்ந்து வந்து என்னைத் தாண்டிவிட்டதைக் கண்டதும் அவனுக்கு வேர்த்துவிட்டது. திடீரென்று மழை விட்டுவிட்டது போலக் கியரைக் கூட்டினான். மூணாம் முடக்கில் அவன் கவிழ்ந்தான், அவனுக்குப் பின்னால் வந்து நானும் மறுபடி கவிழ்ந்தேன். நல்ல எண் விழுந்தால் முகம் சுருங்கியது, கெட்ட எண் விழுந்தால் மாறி மாறி ஆறுதல் சொன்னோம். இவ்வளவு பாசமாக நாங்கள் என்றைக்கும் ஆடியதில்லை.

எப்படியோ இரண்டு பேரும் கடைசி முடக்கையும் கடந்துவிட்டோம். அவனுக்கு மூணு கட்டம் பாக்கி, எனக்கு நாலு. இரண்டு பேரும் ஒண்ணாம் கியர். அவன் முறை. கட்டையைக் கைக்குள் வைத்து அப்படிக் குலுக்கினான், இப்படிக் குலுக்கினான், வேண்டுமென்றே கட்டிலுக்கு அடியில் எறிந்தான்.

"கீழ விழுந்தா செல்லாது" என்றான்.

"யாரு சொன்னது? விழுந்தது விழுந்ததுதான்." நான் குனிந்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். "அஞ்சு. நீதான் ஜெயிச்ச."

"செல்லாதுங்கிறேன்ல. திரும்பப் போடுறேன்."

"அஞ்சு விழுந்திருச்சுடா. கூட்டிட்டுப் போ."

"நீ கூட்டிட்டுப் போ. நீதானே பக்கத்துல இருக்கிற? எனக்கு இருபத்தொரு படி."

"எனக்கு வயசுக்கு வந்த புள்ள இருக்கு. நீ ஆம்பளப் புள்ள, ஒனக்கு வெக்கமா இல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் மேலே கட்டிலில் அப்பா இருப்பது உறைத்தது. அவன் "நீங்க"வை விட்டுவிட்டான், நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா கோபப்படவில்லை. அவர் குரல் ஒப்பீசில் ரிப்போர்ட் கொடுப்பது போல இருந்தது. "முப்பத்தொரு வருஷம் இந்த மலையில லொறி எறக்குனேன். முடக்குல மூணாம் கியர்ல விடுறவன் ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்லாட்டி கவுக்கணும்னு நெனச்சிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் குடிக்கல."

யோகராஜ், "அப்பா, சும்மா வெளையாட்டுக்கு" என்று தொடங்கினான்.

"வெளையாட்டுன்னா ஒழுங்கா வெளையாடுங்க. கார ரெண்டையும் மொதக் கட்டத்துல கொண்டுபோய் வைங்க. இந்தத் தடவ தோத்தவங்க என்னைய கூட்டிட்டுப் போங்க. ஜெயிச்சவங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

"என்னாப்பா பேச்சு இது" என்று நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். ஆனால் என் கை அதற்குள் மூன்று கட்டைகளையும் பொறுக்கி எடுத்துவிட்டிருந்தது. யோகராஜ் காரைத் தொடக்கத்தில் நிறுத்தி, கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

பிறகு நாங்கள் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேர் ரோட்டில் மூணாம் கியரில் பறந்தோம். முடக்கு வர முன்னாலேயே கட்டத்தை விரலால் தொட்டு எண்ணி, ரெண்டுக்கு இறக்கி, சிவப்புக்குள் நிதானமாக நுழைந்து, வெளியே வந்ததும் மறுபடி கூட்டினோம். ஒரு ஆறுதல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. அவன் கட்டை உருட்டினால் நான் அவன் விரலைப் பார்த்தேன், நான் காரை நகர்த்தினால் அவன் வாய்க்குள் எண்ணினான். ஒரு கட்டம் கூட வைத்துவிட்டேன் என்று என் கையைத் தட்டிவிட்டான். நான் அவனைக் கள்ளன் என்றேன். மழை விட்டது எப்போது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மூணு முடக்கிலும் ஒருவரும் கவிழவில்லை. கடைசி முடக்குக்கு முன்னால் அவன் என்னைவிட ரெண்டு கட்டம் முன்னால் இருந்தான், மூணாம் கியரில். சிவப்புக்கு அஞ்சு கட்டம். ரெண்டுக்கு இறக்கியிருந்தால் ஆபத்தில்லை. ஆனால் பதினொன்று விழுந்தால் ஒரே தாவில் முடக்குக்கு அந்தப் பக்கம், அதற்குப் பிறகு என்னால் பிடிக்க முடியாது. அவன் என்னைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். அவன் புத்தி எனக்குத் தெரியும். டவுன் பஸ்ஸுக்கு முன்னால் த்ரீவீலரை நுழைக்கிறவன்.

மூணையும் உருட்டினான். ரெண்டு, நாலு, மூணு. ஒன்பது.

சிவப்புக் கார் கவிழ்ந்தது. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அப்பா முன்னால். நான் ரெண்டாம் கியரில், மூச்சை அடக்கிக்கொண்டு முடக்குக்குள் போனேன். அவன் தன் முறையில் சும்மா இருந்தான். நான் வெளியே வந்தேன். அவன் ஒண்ணாம் கியரில் ஒரு ஆறு போட்டான், அடுத்து ரெண்டில் ஒரு பதினொன்று போட்டு என் வாலைப் பிடித்துவிட்டான். அடுத்த தடவை அவன் கோட்டைத் தொட்டுவிடுவான் என்பது எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது. எனக்கு ஏழு கட்டம் பாக்கி. மூணாம் கியருக்குப் போனேன். இனி முடக்கில்லை, பயமில்லை. முருகா, ஏழு மட்டும் கொடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு உருட்டினேன்.

நாலு. ஒண்ணு. மூணாவது கட்டை பலகை ஓரத்தில் சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு விழுந்தது. ரெண்டு.

காரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு நான் கை தட்டினேன். இரண்டு கையையும் தூக்கி, மூன்று நாலு தடவை, சத்தமாகத் தட்டினேன். அம்மா செத்ததிலிருந்து என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போல இருந்தது. நாளைக்கு விடியக்காலை எழும்பி நேரே மலைக்குப் போகலாம், இனி இந்த லயத்துக்கு ஓடி வர வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

யோகராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி முடக்குல நல்லா ஓட்டுன" என்றார் என்னிடம். பொய்யாகச் சொல்லவில்லை, ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு தம்பியிடம், "த்ரீவீலர வாசல்கிட்ட கொண்டாந்து நிப்பாட்டு, நனையாம ஏறுறேன்" என்றார். மழை விட்டிருந்தது அவருக்கும் தெரியவில்லை. அவன் எழும்பி வெளியே போனான், சாவியை இரண்டு தடவை கீழே போட்டான்.

நான் அலுமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை எடுத்தேன்.

"ஜீவா" என்றார் அப்பா. "நீ சின்னப்புள்ளயா இருக்கையில நான் லொறிய வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுவேன். நீ ஓடியாந்து இப்புடித்தான் கை தட்டுவ. ரொம்ப நாளைக்குப் பொறகு இன்னைக்குத்தான் கேட்டேன்."

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியிருந்தாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தேன்.