நோட்டு மட்டும் வந்த மாதங்கள்

சின்னக்கண்ணு மாதம் ஒருமுறை வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருவார். கள்ளக்குறிச்சியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மகள் ஜீவாவின் நோட்டை நீட்டுவார். ஜீவாவுக்குப் பதினைந்து வயது. கையைக் கீறிக்கொள்கிறாள் என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதல் இரண்டு மாதம் அவளும் வந்தாள். பிறகு நோட்டு மட்டும் வந்தது.

நோயாளியை டாக்டர் பார்க்காமல் மாத்திரை தரக்கூடாது. ஆனால் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பிரிவில் தந்துவிடுவது வழக்கம்.

“பொண்ணு வரலீங்களா?”

“நல்லா கீதுங்க மேடம். பரிச்சைக்குப் படிச்சிக்கினு கீது. பஸ்ஸுல இட்டாந்தா வாந்தி எடுக்கும். அந்த வளைவுல எனக்கே கொடலு வாய்க்கு வருது.”

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அத்தனை பேர் முன்னால் எனக்கு அதற்கு மேல் பேச வராது. மருந்து எழுதிய பக்கத்தில் தேதி முத்திரை குத்தி, மாத்திரையைக் கொடுத்துவிடுவேன். மூன்று மாதம் அப்படிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஜீவாவும் வந்தாள். இடது கையில் கட்டு.

“அண்ணே, நீங்க போயி டீ சாப்ட்டு வாங்க” என்றேன். அவர் தயங்கினார்.

“போப்பா” என்றாள் ஜீவா.

அவர் போனதும் என் மேசையிலிருந்த நோட்டை எடுத்து, பின்னட்டையின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினாள். பென்சிலில் மூன்று வரிகள், மாதத்துக்கு ஒன்று.

‘மாத்திரை போட்டும் அப்படியே தோணுது.’

‘டாக்டரைப் பார்க்கணும்.’

‘அக்கா, என்னையும் கூட்டி வரச் சொல்லுங்க.’

“அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதான் இதுல எழுதினேன். நீங்க பாத்துட்டு, இதுக்கு மாத்திரையே போதும்னு உட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நான் திருப்பியே பாக்கல, ஜீவா.”

“ஒரு தபா கூடவா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூன்று மாதமும் நான் செய்ததைச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் படித்தார். ஜீவாவை உட்காரச் சொல்லிவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார்.

வெளியே சின்னக்கண்ணு மகளுக்கு ஒரு பன் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“இனிமே பொண்ணு வந்தாத்தாங்க மாத்திரை” என்றேன்.

“அப்படிங்களா?” அவர் முகத்தில் கோபமில்லை. “மின்னாடியே சொல்றதுதானே மேடம்? இட்டாந்திருப்பேனே.”