கொடி ஏறிய மதியம்

லேப்டாப் திரையில் அரைக்கம்பத்தில் இருந்த கொடி மெல்ல மேலே ஏறத் தொடங்கியதும் அஞ்சனா லேப்டாப்பை மூடினாள். வருடா வருடம் அந்த நொடியில் மூடுவது அவள் மாமனார் அவ்நேர்தான். போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள் இஸ்ரேலில் முடிந்த கையோடு சுதந்திர நாள் கொண்டாட்டம் தொடங்கிவிடும். அங்கே இரவு எட்டு மணி, இங்கே பிரிட்ஜ்வாட்டரில் மதியம் ஒன்று. கண்ணைத் துடைத்த கை காய்வதற்குள் அதே கையை எப்படித் தட்டுவது என்று கேட்பார். இன்று அவர் கை நீளவில்லை. மாதக்கணக்காக நோயில் கிடந்தவரின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு நின்றிருந்தது.

நர்ஸ் வந்து இறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போனாள். வேலையாக சன்னிவேலுக்குப் போயிருந்த கணவன் நோவாம் விமானத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். உடலை எடுத்துப் போகிறவர்கள் ஐந்து மணிக்குத்தான் வருவார்களாம். அதுவரை தனியாக விடக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். அவ்நேருக்கு அது வெறும் வழக்கமில்லை. எழுபத்து மூன்றாம் வருடப் போரில் அவர் தம்பி இறந்து இரண்டு நாள் மணலில் ஆளில்லாமல் கிடந்தான். தன்னை அப்படி விட்டுவிடாதே என்று போன மாதம் அவளிடம் கேட்டார். சரிப்பா என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரிந்தது.

மூன்றே கால் ஆயிற்று. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கதவுக்குமாக நடந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட வெளியே போகவில்லை. மூன்றே முக்காலுக்கு கிண்டர்கார்டன் பஸ் வரும். மகள் ஷிராவை பஸ்ஸிலிருந்து அழைத்துக்கொள்ள ஸ்கூல் பட்டியலில் மூன்று பெயர்கள்தான். அவள், நோவாம், அவ்நேர்.

இரண்டு வீடு தள்ளியிருந்த நாகலக்ஷ்மி ஆன்ட்டியை போனில் அழைத்தாள். பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக வந்த ஆன்ட்டி அறை வாசலிலேயே நின்றுவிட்டார். கோவிலில் இன்று திருக்கல்யாணம். சீர்த்தட்டு ஏந்தும் முறை ஆறு வருடத்துக்குப் பிறகு அவருக்கு வந்திருந்தது. நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சாவு நடந்த அறைக்குள் காலை வைத்தால் தலைமுழுகாமல் போக முடியாது.

"பஸ்ஸுக்கு நான் போறேன்டி."

"உங்க பேரு லிஸ்ட்ல இல்ல, ஆன்ட்டி. டிரைவர் குழந்தைய விடமாட்டார். திருப்பி ஸ்கூலுக்கே கூட்டிட்டுப் போயிடுவார்."

"போன் பண்ணிச் சேக்கறதுதானே?"

"பண்ணேன். ஆன்லைன்ல அப்ளை பண்ணணுமாம். நாளைக்குத்தான் அப்டேட் ஆகுமாம்."

ஆன்ட்டி கட்டிலை எட்டிப் பார்த்தார். "எதிர்ல வந்தா ஒரு ஹலோ சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்?"

"கூச்சம். உங்க சாம்பார் வாசனை வந்தா மட்டும் ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஜன்னலத் திறப்பார்."

"பத்து நிமிஷம் தனியா இருந்தா என்னடி ஆயிடப்போறது? அவருக்குத் தெரியவா போறது?"

அஞ்சனா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடி இழுத்துவிட்டாள். மூன்று நாற்பது.

ஆன்ட்டி தலையிலிருந்த பூவை எடுத்து ஹாலில் இருந்த மேஜைமேல் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"போ. ஓடு."

செருப்பில்லாமல் ஓடினாள். பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கை நீட்டி நிறுத்தினாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கதவைத் திறந்தார். காலில் ஷூ எங்கே என்று ஷிரா ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அறைக்குள் ஆன்ட்டி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அஞ்சனா கதவருகே நின்றாள்.

"கூட்டம்னா கூட்டம் சார். பார்க்கிங்கே கிடைக்காது. போனாலும் சாமியத் தலைகளுக்கு நடுவுலதான் பாக்கணும். தட்டுக்கு என்ன, வேற யாராவது எடுப்பா."

வெளியே காரில் காத்திருந்த ஆன்ட்டியின் கணவர் ஹார்ன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தார். ஆன்ட்டி நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் சற்று நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.