கட் ஆகாத போன்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவருடைய மச்சானுக்கும் பேச்சுவார்த்தை என்று ஒன்று இருந்ததென்றால், அது ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மச்சான் போன் அடிப்பார். இரண்டாவது மணியில் மெக்கானிக் கட் பண்ணுவார். அவ்வளவுதான் பேச்சு.

மச்சான் ரொட்டிக்கடைக்காரர், மெக்கானிக்கின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் புண்ணியவதி புற்றுநோயில் போன பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். "எவ்வளவு ஜெபம் பண்ணினோம், கேட்டாரா? இனிமே அவரு வழி அவருக்கு, என் வழி எனக்கு" என்று கல்லறைத் தோட்டத்திலேயே சொல்லிவிட்டு நடந்தவர் மெக்கானிக். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். போனை எடுக்க மாட்டார். சரி, அணைத்தாவது வைக்கலாம் இல்லையா, அதுவும் மாட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்த ஞாயிறு ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்டுக்குக் கீழே உள்ள குழியில் எண்ணெய் கசிந்திருந்தது. அடுத்தடுத்து விடுமுறை, ஆள் நடமாட்டம் இருக்காது, முடித்துவிடலாமென்று சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய், வாசல் ஷட்டரைப் பூட்டாமல் இறக்கிவிட்டார். குழிக்குள் தனியாக இறங்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. கூட வேலை பார்ப்பவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்பவரும் அவர்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

லிஃப்டை மேல்மாடியில் நிறுத்தி மின்சாரத்தை அணைத்தார். கருவிப்பையையும் போனையும் தரைத்தளத்தில் வைத்தார். லிஃப்ட் கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கால் வழுக்கியது. பிடிமானத்துக்குக் கட்டையைப் பற்றினார். அதுவும் கூடவே வந்துவிட்டது. மேலே கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கீழே முழங்காலுக்கு அடியில் எலும்பு முறிந்தது, அந்தச் சத்தம் அவருக்கே கேட்டது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: "கதவ நெம்பாதீங்க, பேசாம உக்காருங்க, நான் வர்றேன்." இப்போது அவரே ஒற்றைக் காலில் ஏணியைப் பிடித்துத் தொங்கினார், விழுந்தார், மறுபடி தொங்கினார், மறுபடி விழுந்தார். தொண்டை கட்டும்வரை கத்தினார். விடுமுறை முடிந்து யாராவது கதவைத் திறக்கும்போது பிணமாகத்தான் கிடப்போம் என்று புரிந்தது.

அப்போதுதான் மேலே போன் அடித்தது.

ஒன்று. இரண்டு. கட் பண்ணக் கை எட்டாது. எடுத்துப் பேச வேண்டும் என்று உயிர் துடித்தது. அது முழுதாக அடித்து ஓய்ந்தது. மெக்கானிக் எண்ணெய்ச் சகதியில் முகம் புதைத்து அழுதார். "எனக்கு வர வழியில்ல, இயேசப்பா. நீங்கதான் வரணும்" என்றார். மனைவி போன பிறகு அவர் வாயில் வந்த முதல் ஜெபம் அதுதான்.

எவ்வளவு நேரமோ. ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

"மாப்ள, எங்கடா இருக்க?"

"மச்சான், குழிக்குள்ள. கால் போச்சு."

"உசுரு இருக்குல்ல, போதும். இந்தக் கதவு எப்படித் தொறக்கும்?"

"பையில முக்கோணச் சாவி இருக்கு. கதவு மேல ஓட்டை இருக்கும், விட்டுத் திருப்புங்க."

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பையுமாக மச்சான் நின்றார். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார். பிறகு கட்டைக்குப் பதிலாகக் கருவிப்பையைக் கதவிடுக்கில் திணித்துவிட்டு ஏணியில் காலை வைத்தார்.

"அங்கயே நில்லுங்க. ஒரே எண்ணெய், வழுக்கும்."

"மேல நின்னு வேடிக்க பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

முட்டி வலிக்காரர், முனகிக்கொண்டே இறங்கி, சகதியில் உட்கார்ந்து, மெக்கானிக்கின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். மேலேயே நிற்காமல் மனிதருடைய அழுக்குக்குள் இறங்கி வந்த இரட்சகரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்தான் மெக்கானிக். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தார்.

"எப்படித் தெரிஞ்சுது மச்சான்?"

"நீ கட் பண்ணலையே. முழுசா அடிச்சு நின்னுச்சு. உடனே கிளம்பிட்டேன். வீட்டுக்குப் போனேன், ஆளக் காணோம். நீ வேலை பாக்கிற கட்டடமா பாத்து அலைஞ்சேன். இங்க வாசல்ல உன் வண்டி நின்னுச்சு."

"அப்ப நான் கட் பண்ணும்போதெல்லாம்?"

"பய நல்லாத்தான் இருக்கான்னு ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன்."

மெக்கானிக் மடியிலிருந்து அவரை அண்ணாந்து பார்த்தார்.

"நான்தான் அவர வேணாம்னு விட்டுட்டேன், மச்சான்."

"விட்ட, சரி. அவரு விடலையே."

"நன்றி சொல்லணும்போல இருக்கு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே மறந்துபோச்சு."

"வாய்க்கு வந்தபடி சொல்லு. நான் ஆமென் போடறேன்."

மெக்கானிக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, தேடி வந்ததுக்கு நன்றி. இந்த மனுஷன அனுப்பினதுக்கு நன்றி." கொஞ்சம் நிறுத்தினார். "அவள எனக்குக் குடுத்து வச்சிருந்தீங்களே, அதுக்கும் நன்றி. அத நான் சொல்லவே இல்ல."

ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், மச்சான் தங்கையை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மெக்கானிக் எண்ணெய்க் கையால் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆமெனையும் தானே சொன்னார்.